இந்தியாவின் பாதுகாப்புச் செலவு: ஊதியம், ஓய்வூதியம், தளவாடங்கள்

2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்கு ரூ.6.81 லட்சம் கோடி ஒதுக்கப்பட்டது. இது முந்தைய பட்ஜெட் மதிப்பீட்டைவிட 9.53 சதவீதம் அதிகமாகும்.

இதில் ஏறத்தாழ 46 சதவீதம் படையினரின் ஊதியம், பராமரிப்பு உள்ளிட்ட வருவாய்ச் செலவுகளுக்கும், 24 சதவீதம் ஓய்வூதியத்துக்கும் செல்கிறது. போர் விமானங்கள், கப்பல்கள், டாங்கிகள் உள்ளிட்டவற்றுக்கான மூலதனச் செலவுக்கு 26 சதவீதமே, அதாவது ரூ.1.80 லட்சம் கோடியே கிடைக்கிறது.

உள்நாட்டுக் கொள்முதலின் ஒரு பகுதியாக, 118 அர்ஜுன் எம்கே-1ஏ டாங்கிகளை வழங்க ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு 2021 செப்டம்பரில் ரூ.7,523 கோடிக்கு ஆணை வழங்கப்பட்டது.

படைகளின் சராசரி வயதைக் குறைக்கும் நோக்கில் 2022-இல் அக்னிபத் திட்டம் அறிமுகமானது. இதில் சேர்வோரில் 25 சதவீதம் வரையிலானோரே 4 ஆண்டுகளுக்குப் பின் நிரந்தரப் பணியில் சேர்க்கப்படுவர். எஞ்சியோருக்கு ஓய்வூதியம் கிடையாது.