பாவமா, குற்றமா? பினாங்கு வழியே வந்த 377ஆம் பிரிவு

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜோர்ஜ்டவுன் விழாவையொட்டிப் பினாங்கில் ஒரு புகைப்படக் கண்காட்சி நடந்தது. தேசியக் கொடியோடு நிற்கும் மலேசியர்களின் உருவப்படங்கள் அதில் வைக்கப்பட்டிருந்தன. படங்களை எடுத்தவர் மூரியமீன் முகமது. பல துறைகளில் அறியப்பட்டவர்களின் படங்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் இரண்டு படங்கள் மட்டும் சுவரிலிருந்து இறக்கப்பட்டன. ஒன்று, திருநங்கையர் உரிமைக்காகப் பாடுபடும் நிஷா ஆயுப்பின் படம். மற்றொன்று, ஓரினச் சேர்க்கையாளர்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்து வரும் பாங் கீ தேக்கின் படம்.

சமய விவகாரங்களுக்குப் பொறுப்பான பிரதமர்துறை அமைச்சராக அப்போது இருந்தவர் முஜாஹிட் யூசோப் ராவா. இப்படங்கள் குறித்து மாநில அரசோடு தொடர்பு கொண்டதாக அவர் தெரிவித்தார். அத்தகைய பண்பாட்டை ஊக்குவிப்பது அரசாங்கத்தின் கொள்கை அல்ல என்பது அவர் தந்த விளக்கம். சில நாள் கழித்து அவரே நிஷா ஆயுப்பை அழைத்துப் பேசினார். வேலையிடத்தில் திருநங்கையருக்குப் பாகுபாடு காட்டக்கூடாது என்றும் கூறினார்.

வேலை கொடுக்கலாம், ஆனால் கொடியோடு சுவரில் நிற்கக்கூடாது. அப்படியென்றால் அந்த இருவரும் எந்த அளவுக்குக் குடிமக்கள்? சமய நம்பிக்கைக்கும் குடியுரிமைக்கும் நடுவே நடக்கும் நீண்ட வழக்கு இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. அந்த வழக்கின் வேர் பினாங்கிலேயே 200 ஆண்டுகளுக்கு முன்னால் தொடங்குகிறது.

நான்கு சமயங்களின் தெரு

ஜோர்ஜ்டவுனில் பிட் தெரு என்று பழையவர்கள் சொல்லும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு முறை நடந்தால் போதும். 1801இல் இந்திய முஸ்லிம்களின் தலைவர் காதிர் மைதீன் மரைக்காயர் எழுப்பிய பள்ளிவாசல், 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் கருணைத் தேவதை ஆலயம் மூன்றும் இந்தத் தெருவையொட்டியே உள்ளன. பக்கத்துக் குயீன் தெருவில் மகா மாரியம்மன் கோயில். 2008இல் யுனெஸ்கோ ஜோர்ஜ்டவுனை உலகப் பாரம்பரிய நகராக அறிவித்ததற்கு இந்தச் சமயக் கலப்பும் ஒரு காரணம்.

இத்தனை சமயத்தாரும் ஒரே ஊரில் வாழ்வதற்குச் சட்டத்திலும் ஓர் ஏற்பாடு இருந்தது. 1807இல் பினாங்குக்கு வழங்கப்பட்ட நீதிச் சாசனம் தீவில் முறையான நீதிமன்றத்தை நிறுவியது. சில அதிகாரங்களைச் செலுத்தும்போது மக்களின் சமயமும் பழக்கவழக்கமும் இடம் கொடுக்கும் அளவுக்கே செல்ல வேண்டும் என்று அச்சாசனம் நீதிமன்றத்துக்கு எல்லை வகுத்தது. 1858இல் நீதிபதி பென்சன் மேக்ஸ்வெல், இந்தச் சாசனத்தின் வழியாகவே ஆங்கிலச் சட்டம் பினாங்குக்குள் வந்தது என்று தீர்ப்பளித்தார். பொதுச் சட்டம் எல்லாருக்கும் ஒன்று, சமயம் அவரவருக்கு உரியது. நடைமுறையில் ஆயிரம் குறைகள் இருந்தாலும் பினாங்கு தொடங்கியது இந்த அடிப்படையில்தான்.

கல்கத்தாவிலிருந்து வந்த பிரிவு

ஓரினச் சேர்க்கையைச் சட்டப்படி குற்றமாக்கிய பிரிவு எங்கிருந்து வந்தது? மெக்காலேயின் வரைவை அடியாகக் கொண்டு 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து வந்தது. இயற்கை நியதிக்கு மாறான உடலுறவு தண்டனைக்குரியது என்றது அதன் 377ஆம் பிரிவு. 1867 வரை பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் கல்கத்தாவின் நிருவாகத்தில் இருந்தவை. பிரிந்த பிறகும் நீரிணைக் குடியேற்றங்கள் 1871இல் அதே அச்சில் ஒரு தண்டனைச் சட்டத்தை இயற்றிக்கொண்டன. பிரிவின் எண்கூட மாறவில்லை. இலங்கையில் 1883இல் வந்தபோது மட்டும் அது 365ஆம் பிரிவு ஆயிற்று. சென்னையில் கப்பலேறிய தமிழன் பினாங்கில் இறங்கியபோது அங்கும் அதே சட்டம் அவனுக்காகக் காத்திருந்தது.

இன்னும் பின்னே போனால் விஷயம் விளங்கும். இங்கிலாந்தில் 1533 வரை இச்செயல் திருச்சபை நீதிமன்றம் விசாரிக்கும் பாவமாகவே இருந்தது. எட்டாம் ஹென்றி மன்னரின் காலத்தில் நாடாளுமன்றம் அதை அரசின் கைக்கு மாற்றி மரண தண்டனைக் குற்றமாக்கியது. பாவம் குற்றமாக மாறியது அங்கேதான். அந்த மாற்றம்தான் பின்னாளில் கப்பலேறிக் கிழக்கே வந்தது.

இதனால் கீழை நாட்டுச் சமயங்கள் இந்த உறவை ஏற்றுக்கொண்டிருந்தன என்று சொல்லிவிட முடியாது. லூத் நபியின் வரலாற்றை முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் எச்சரிக்கையாகவே வாசித்து வந்திருக்கிறார்கள். இந்துக் குடும்பங்களிலும் இது வெளியே பேசாத விஷயம்தான். ஆனால் ஒன்றைத் தவறு என்று கருதுவதும், அதற்காகக் காவல்துறையைப் படுக்கையறைக்கு அனுப்புவதும் வெவ்வேறு செயல்கள்.

நான்கே நாள் இடைவெளி

1957 ஆகஸ்டு 31ஆம் தேதி மலாயா விடுதலை பெற்றது. செப்டம்பர் 4ஆம் தேதி, சரியாக நான்கு நாள் கழித்து, லண்டனில் ஜான் வுல்ஃபெண்டன் தலைமையிலான குழுவின் அறிக்கை வெளியாயிற்று. வயது வந்த இருவர் மனமொப்பித் தனிமையில் கொள்ளும் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. ஆட்சியாளர்கள் சட்டத்தை இங்கே விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். தங்கள் ஊரில் அதைக் கைவிடும் பேச்சைத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தப் பேச்சுக்குத் துணை நின்றவர்களில் சமயத்தாரும் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுக்க நலக் குழு 1954லேயே சட்டத்தை மாற்றும்படி கேட்டிருந்தது. அறிக்கை வந்தபோது கான்டர்பரி பேராயர் ஜெஃப்ரி ஃபிஷர், பாவத்தையும் குற்றத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற கருத்தை ஆதரித்தார். அவர் அச்செயலைப் பாவம் என்று நம்பியவர்தான். அந்த நம்பிக்கையைக் கைவிடாமலே, தண்டிப்பது அரசின் வேலை அல்ல என்றார். பத்தாண்டு கழித்து, 1967இல் சட்டம் திருத்தப்பட்டது.

மலேசியா எதிர்த் திசையில் நடந்தது. 1989இல் தண்டனைச் சட்டத்தின் இப்பகுதி விரிவாகத் திருத்தப்பட்டது. 377பி பிரிவின்படி 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்க வழி ஏற்பட்டது.

சட்டத்தின் பிடியில் சிக்கியவர்கள்

இத்தகைய சட்டம் யார் கழுத்தை வளைக்கும் என்பதற்கும் பினாங்கிலேயே உதாரணம் உண்டு. மாநிலத்தின் பெர்மாத்தாங் பாவ் தொகுதியைச் சேர்ந்த அன்வார் இப்ராஹிமுக்கு 2000இல் இவ்வகைக் குற்றச்சாட்டில் 9 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. 2004 செப்டம்பர் 2ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. 2008இல் இரண்டாவது வழக்கு வந்தது. 2012இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 5 ஆண்டு சிறை விதித்தது. 2015இல் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2018 மே மாதம் மாமன்னர் முழு மன்னிப்பு வழங்கினார். இரண்டு வழக்குகளும் அரசியல் சதி என்றே அன்வார் கூறி வந்தார். ஜோர்ஜ்டவுனில் பிறந்த வழக்கறிஞர் கர்ப்பால் சிங் அவருக்காக வாதாடினார்.

பெயர் தெரியாதவர்களின் கதை இதைவிடக் கொடியது. மலேசியாவின் எல்லா மாநிலங்களிலும் ஷரியா சட்டத்தின் கீழ் ஆண் பெண்ணாக உடை உடுத்துவது முஸ்லிம்களுக்குக் குற்றம். 2000ஆம் ஆண்டில் இப்படிப் பிடிபட்ட நிஷா ஆயுப் ஆண்கள் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே பட்ட கொடுமைகள்தான் அவரைப் பொதுவாழ்வுக்குக் கொண்டுவந்தன. 2016இல் அமெரிக்க அரசின் துணிச்சல் மிக்க பெண்களுக்கான அனைத்துலக விருது அவருக்குக் கிடைத்தது. வெளிநாட்டில் விருது பெற்றவருக்கு இரண்டே ஆண்டில் சொந்த நாட்டில் ஒரு சுவரில் இடம் இல்லாமல் போயிற்று.

அதே பினாங்கில் வேறொரு காட்சியும் உண்டு. தஞ்சோங் பூங்கா சட்டமன்ற உறுப்பினராக இருந்த தே யீ சியூ, ஹஸ்ரீன் ஷேக் தாவூத் என்ற திருநங்கையைத் தம் அரசியல் செயலாளராக அமர்த்திக்கொண்டார். தொகுதி மக்கள் குப்பை, வடிகால் பிரச்சினைகளுக்கு அவரைத் தேடி வந்தார்கள். வானம் இடிந்து விழவில்லை.

தமிழர்க்கு இதில் என்ன?

இது மற்றவர் வீட்டுப் பிரச்சினை என்று தமிழர்கள் ஒதுங்கலாமா? 2005 டிசம்பரில் எவரெஸ்ட் சிகரம் கண்ட குழுவைச் சேர்ந்த மு. மூர்த்தி இறந்தபோது, அவர் எந்தச் சமயத்தவர் என்ற கேள்வியில் தலையிடத் தனக்கு அதிகாரம் இல்லை என்றது உயர் நீதிமன்றம். மனைவி வாசலில் நின்றார். உடல் இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்யப்பட்டது. பிள்ளைகளின் ஒருதலைப்பட்ச மதமாற்றத்தை எதிர்த்து எம். இந்திரா காந்தி பல ஆண்டுகள் போராடி, 2018 ஜனவரி 29ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்தில் வென்றார். சமய அதிகாரம் எங்கே முடிகிறது, குடிமகனின் உரிமை எங்கே தொடங்குகிறது என்பதுதான் அங்கும் கேள்வி.

அதே கோட்டைத்தான் 2021 பிப்ரவரி 25ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் மீண்டும் வரைந்தது. இயற்கைக்கு மாறான உறவு பற்றிய சிலாங்கூர் ஷரியாச் சட்டப் பிரிவு செல்லாது என்று அது ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கூட்டரசுச் சட்டம் ஏற்கெனவே கையாளும் குற்றத்தை மாநிலச் சட்டமன்றம் மீண்டும் இயற்ற முடியாது என்பது காரணம். தண்டனைச் சட்டப் பிரிவு அப்படியே நிற்கிறது. வரம்பு மட்டுமே தெளிவாயிற்று.

தமிழ் மரபு இவ்விஷயத்தில் முற்றிலும் அந்நியமானதல்ல. தொல்காப்பியம் பேடி என்ற சொல்லுக்கு இலக்கணம் வகுக்கும்போது அதை உயர்திணையில் சேர்க்கிறது. கூவாகத்தில் அரவானை வணங்கத் திருநங்கையர் ஆண்டுதோறும் கூடுகிறார்கள். கோயிலில் இடம் கொடுத்த அதே சமூகம் வீட்டில் இடம் கொடுக்கவில்லை என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

அண்டை வீடுகளில்

பினாங்கில் படங்கள் இறக்கப்பட்ட அடுத்த மாதம், 2018 செப்டம்பர் 6ஆம் தேதி, இந்திய உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவு மனமொப்பிய வயது வந்தோருக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன் 2009இல் டில்லி உயர் நீதிமன்றம் இதே முடிவுக்கு வந்தபோது இந்து, முஸ்லிம், கிறிஸ்தவத் தரப்பினர் எதிர்த்து மேல்முறையீடு செய்திருந்தார்கள். 2019இல் மதுரையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், தூத்துக்குடிக் கோயிலில் ஓர் ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய உத்தரவிட்டார். மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்றார். 2021இல் சென்னையில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இதுபற்றிப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே இரு பெண்களின் வழக்கில் தீர்ப்பு எழுதினார்.

நீரிணைக் குடியேற்றங்களில் பினாங்கின் தங்கையான சிங்கப்பூர், 2022 நவம்பரில் 377ஏ பிரிவை நீக்கியது. அதே நாளில் திருமணத்தின் வரையறையை நாடாளுமன்றத்தின் பொறுப்பில் வைத்து அரசியலமைப்பையும் திருத்தியது. சமயத்தாரின் அச்சத்துக்கும் ஒரு பதில் சொல்லி, காலனிச் சட்டத்தையும் கழற்றிவிட்டது. எல்லாருக்கும் நிறைவு தந்த முடிவு அல்ல அது. இரண்டு தரப்பும் ஒரே நாட்டில் வாழ வேண்டும் என்ற கணக்கில் எடுத்த முடிவு.

மலேசியா எந்த வழியில் செல்லும் என்பதை மலேசியர்களே முடிவு செய்வார்கள். பிரதமரான பின் அன்வாரும் 2023 ஜனவரியில், ஓரினச் சேர்க்கை உரிமைகளைத் தம் அரசு அங்கீகரிக்காது என்றே அறிவித்தார். பெரும்பான்மையினரின் சமய உணர்வை மதிக்காமல் இந்த நாட்டில் எந்தச் சீர்திருத்தமும் நிலைக்காது. ஆனால் சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு சொல்கிறது. அதில் சமயம், இனம் ஆகியவற்றோடு பால் என்ற சொல்லும் 2001இல் சேர்க்கப்பட்டது.

பள்ளிவாசலில் உபதேசம் தொடரட்டும். தேவாலயத்திலும் கோயிலிலும் அவரவர் ஒழுக்கத்தைப் போதிக்கட்டும். அந்த உரிமையை யாரும் பறிக்கக் கூடாது. தன் சமயத்தைத் தன் வழியில் பின்பற்ற இன்னொருவர் இடம் விட வேண்டும் என்று கேட்கும் ஒவ்வொருவரும், அந்த இடத்தை நிஷாவுக்கும் பாங் கீ தேக்குக்கும் விட்டுக்கொடுக்கத் தயாரா என்பதே கேள்வி. அவர்கள் அன்று அந்தச் சுவரில் சலுகை எதையும் கேட்டு நிற்கவில்லை. தங்கள் நாட்டின் கொடியோடு நின்றிருந்தார்கள்.