போர்ட்லாந்து அணியும் முறிந்த கால்களும்

அமெரிக்காவின் ஒரிகன் மாகாணத்துப் போர்ட்லாந்து நகரத்தின் டிரெயில் பிளேசர்ஸ் என்னும் கூடைப்பந்து அணி 1977-ஆம் வருஷம் சாம்பியன் பட்டம் பெற்றபோது, அவ்வெற்றிக்கு மூலபுருஷராக விளங்கியவர் பில் வால்டன். மறு பருவத்தில், முதல் அறுபது ஆட்டங்களில் ஐம்பதை அணி வென்றிருந்த சமயத்தில் பாதம் பழுதுபட்டு ஒதுங்கிய அவர், பின்னர் வலி தெரியாதிருக்க ஊசி போட்டுக்கொண்டு ஆடி, இடது பாதத்து எலும்பு முறிந்தது தெரிந்ததும் அணியின் வைத்திய முறையையே குற்றஞ்சாட்டி, 1979-இல் சான் டியாகோ அணிக்குப் போய்விட்டார்.

அதே துர்ப்பாக்கியம் பிற்காலத்தில் வேறு ரூபத்தில் வந்தது. 2007-ஆம் வருஷத்துப் புதிய ஆட்டக்காரர் தேர்வில், கெவின் டுரான்ட் என்னும் ஆட்டக்காரரை விடுத்து ஏழடி உயரமுள்ள கிரெக் ஓடனை முதல் ஆட்டக்காரராகப் பொது மேலாளர் கெவின் பிரிட்சார்டு தேர்ந்தெடுத்தார். அன்று அதைப் பிழை என்றவர் சொற்பமே. ஓடனுக்கோ, ஓர் ஆட்டமும் ஆடுமுன்னே வலது முழங்காலில் ரண சிகிச்சை. 2009 டிசம்பரில் இடது முழங்கால் சில்லு உடைந்தது. மறு வருஷம் அதே முழங்காலில் மீண்டும் ரண சிகிச்சை.

இதற்கிடையே, 2010 ஜூனில், புதிய ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் வைபவம் தொடங்கச் சுமார் ஒரு மணி நேரமே இருக்கையில் பதவி நீக்கச் செய்தியைக் கேட்ட பிரிட்சார்டு, நாற்காலியை விட்டு எழாமல் அன்றைய தேர்வை நடத்தி முடித்தார்; உரிமையாளர் பால் ஆலனின் நிர்வாகம் இதில் காட்டியது கண்ணியம் அன்று என்பதே என் அபிப்பிராயம். அடுத்து வந்த ரிச் சோவும் ஒரு வருஷம் நிலைக்கவில்லை. 2012 மார்ச்சில் விடுவிக்கப்பட்ட ஓடன், போர்ட்லாந்துக்காக ஆடியவை மொத்தம் 82 ஆட்டங்கள்; ஒரே பருவத்துக்கு உரிய எண்ணிக்கை அது.