அடுப்படிச் சிக்கனம்: கல்முனைக் கரையின் எழுதப்படாத வரலாறு

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வரலாறு பற்றி நூல்கள் பல வெளிவந்துவிட்டன. குடியேற்றம், குடிவழி, வயற்காணி, வாணிபம், பள்ளிவாசல் நிருவாகம், அரசியல் தலைமைத்துவம் என்று அவை பேசும் விடயங்கள் ஏராளம். ஆனால், ஒவ்வொரு வீட்டிலும் நாளாந்தம் மூன்று வேளையும் எரிந்த அடுப்பைப் பற்றி அவற்றில் ஒரு பக்கத்தைக் காண்பதும் அரிது. எரிபொருள் நெருக்கடி என்றால் பெற்றோல் வரிசைதான் நம் நினைவுக்கு வருகின்றது. சாதாரணக் குடும்பமொன்றின் எரிபொருள் நெருக்கடியோ குசினியில்தான் தொடங்குகின்றது. ஆகவே, கல்முனைக் கரையின் குசினி வரலாற்றைச் சுருக்கமாகவேனும் இங்கு பதிவுசெய்ய விரும்புகின்றேன்.

பெரியநீலாவணை, மருதமுனை தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஊடாக அக்கரைப்பற்று வரை நீளும் இக்கரை ஓர் ஒடுங்கிய மணற்றிடல். கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. இடையில் தென்னையும் வீடுகளும். அடுப்பெரிக்கத் தேவையான காடு இக்கரையில் என்றுமே இருக்கவில்லை. விறகு வயல்களுக்கும் அப்பாலிருந்து மாட்டுவண்டியில் வரவேண்டியிருந்தது. 1949ஆம் ஆண்டு கல்லோயாத் திட்டம் தொடங்கியதும் மேற்குக் காடுகளின் பெரும்பகுதி வயலாகவும் குடியேற்றமாகவும் மாறியது. நெல் பெருகியது, விறகு தூரமானது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமான காலத்திலேயே, கரையோரக் குடும்பங்களுக்கு விறகு விலை கொடுத்து வாங்கும் பண்டமாகிவிட்டது.

இந்தத் தட்டுப்பாட்டை எதிர்கொண்டவர்கள் பெண்கள். அவர்களுக்கு எவரும் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை. தென்னையின் பொச்சுமட்டை, சிரட்டை, பாளை, பன்னாடை, காய்ந்த ஓலை என எதுவும் வீணாகவில்லை. பற்றவைக்க ஓலை, நின்று எரியப் பொச்சுமட்டை, அனலுக்குச் சிரட்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. சிரட்டைக் கரி துணி அழுத்தும் பெட்டிக்குள் போனது. நெல் அவிப்பதற்கு உமி உதவியது. மாரி மழை தொடங்கும் முன்பே விறகு அடுப்புக்கு மேலுள்ள பறணில் ஏறிவிடும். கீழே எரியும் அடுப்பின் சூடே மேலிருக்கும் விறகை உலர்த்தும். ஈரவிறகை எரித்தால், வெப்பத்தில் ஒரு பங்கு அவ்விறகிலுள்ள நீரை ஆவியாக்கவே செலவாகும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

அடுப்பில் ஏற்றும் ஒழுங்கிலும் ஒரு கணக்கு இருந்தது. முதலில் சோறு, பின்னர் ஆணம், எரிந்து தணிந்த தணலில் தேநீருக்குக் கேத்தல், கடைசிச் சாம்பற் சூட்டில் கருவாடு. ஒரு முறை மூட்டிய நெருப்பு இறுதிச் சூடு வரை வேலை செய்தது. பயறும் கடலையும் முதல் நாள் இரவே ஊறின. சட்டிக்கு மூடி கட்டாயமாக இருந்தது.

மூடி சிறிய விடயமல்ல. ஒரு லீற்றர் தண்ணீரை 28 பாகை செல்சியசிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 300 கிலோஜூல் வெப்பம் போதும். அதே தண்ணீர் முழுவதும் ஆவியாகிப் போக 2,257 கிலோஜூல் வேண்டும். அதாவது 7 மடங்கிலும் அதிகம். திறந்த பானையிலிருந்து எழும் ஆவியோடு போவது நாம் காசு கொடுத்து வாங்கிய விறகு. தண்ணீர் எவ்வளவு குமுறிக் கொதித்தாலும் அதன் சூடு 100 பாகையைத் தாண்டுவதில்லை; சோறும் விரைந்து வேகுவதில்லை. கொதி வந்தபின் நெருப்பைக் குறைத்து மூடிவைப்பதே போதுமானது. விறகடுப்புக்கு மட்டுமன்றி, காஸ் அடுப்புக்கும் மின் கேத்தலுக்கும் இதுவே விதி. இரண்டு கோப்பைத் தேநீருக்கு ஒரு கேத்தல் நிறையத் தண்ணீர் கொதிக்கவைப்பவர் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் அந்தச் செலவைச் செலுத்தியே ஆகவேண்டும்.

கூட்டுச் சமையலும் இந்தச் சிக்கனத்தின் ஒரு பகுதிதான். றமழான் மாதத்தில் பள்ளிவாசலில் பெருங்கிடாரத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சி வீடுகளுக்குக் கொடுப்பது நம்மூர்களின் வழக்கம். நூறு வீடுகளில் நூறு சட்டி வைப்பதைவிட ஒரே கிடாரத்தில் காய்ச்சுவது எரிபொருளில் பெருமளவு மிச்சம். பாத்திரம் பெரிதாகப் பெரிதாக, உள்ளிருக்கும் உணவின் அளவோடு ஒப்பிடுகையில் வெப்பத்தை இழக்கும் மேற்பரப்பு குறைகின்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மியூனிக் நகரில் ஏழைகளுக்குச் சூப் சமைத்து வழங்கிய ரம்ஃபோர்ட் பிரபு, திறந்த அடுப்பு விறகைத் தின்கிறது என்று கண்டு மூடிய அடுப்புகளை அமைத்தார். அவரது பெயர் பாடநூல்களில் இருக்கின்றது. நம் கிடாரத்தடியில் நின்றவர்களின் பெயர் எங்கும் இல்லை.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின்னரே ஆட்சியாளர்களும் பொறியியலாளர்களும் ஏழைகளின் அடுப்பை உற்றுநோக்கத் தொடங்கினர். இலங்கையில் 1970களின் இறுதியில் சர்வோதய இயக்கம் இரட்டைப் பானை மண் அடுப்பொன்றைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது. 1980களில் இலங்கை மின்சார சபை விறகுச் சிக்கனத் திட்டத்தில் இறங்கியது. அந்த முயற்சிகளின் தொடர்ச்சியாக வந்ததே ‘அனகி’ அடுப்பு. குயவரின் சக்கரத்தில் வனைந்து சுடப்படும், புகைபோக்கி இல்லாத எளிய அடுப்பு. முதற் பானையைச் சூடாக்கிய நெருப்பின் மீதிச் சூடு பின்னாலுள்ள இரண்டாம் பானைக்குப் போகும். விறகோடு சிரட்டையையும் ஓலையையும்கூட இதில் எரிக்கலாம். மூன்று கல் அடுப்போடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விறகு மிச்சமாகும் என்று கணிக்கப்பட்டது.

அண்டை நாட்டின் அனுபவத்தை இதோடு ஒப்பிடுவது பயனுள்ளது. இந்தியாவில் 1983இல் தொடங்கிய தேசிய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டம், அரச மானியத்தில் கோடிக்கணக்கான அடுப்புகளை வழங்கி 2002இல் கைவிடப்பட்டது. வழங்கிய அடுப்புகளில் பல உடைந்தன அல்லது பாவனையின்றிக் கிடந்தன. ‘அனகி’யோ குயவர் வனைந்து சந்தையில் விற்க, மக்கள் தம் பணத்தில் வாங்கிய பொருள். உடைந்தால் இன்னொன்று வாங்க முடிந்தது. இலவசமாய் வந்த அடுப்பைவிட, விற்பவனும் வாங்குபவளும் உள்ள அடுப்பே நிலைத்தது.

ஆனால் நம் கரையின் கதை இன்னொரு பக்கம் திரும்பியது. 1990க்குப் பிந்திய யுத்த காலத்தில் காட்டுக்கு விறகு வெட்டப் போவது உயிரைப் பணயம் வைப்பதாயிற்று. இன்னொரு காரணமும் உண்டு. பெண் மக்களுக்கு வீடு கட்டிக்கொடுத்து மணமுடிக்கும் நம் வழக்கத்தால் தாயின் வளவு மகள்மாருக்காகப் பிரிந்துகொண்டே வந்தது. நான்கு வீடு நிற்கும் வளவில் விறகு அடுக்க இடமேது? மண்ணெண்ணெய் அடுப்பும் அதன்பின் காஸ் சிலிண்டரும் இந்த நெருக்கத்துக்கு விடையாக வந்தன. காஸ் அடுப்பு வந்த வீட்டில் மண் அடுப்பு வறுமையின் அடையாளமாகக் கருதப்பட்டுப் பின்வளவுக்குப் போனது. அதனோடு அடுப்படிக் கணக்கும் போனது என்பதை அப்போது எவரும் கவனிக்கவில்லை.

2004 டிசம்பர் 26 கடற்கோள் இக்கரையின் ஆயிரக்கணக்கான உயிர்களோடு வீடுகளையும் அள்ளிச்சென்றது. அதன்பின் எழுந்த வீட்டுத்திட்டங்கள் பலவற்றில் விறகடுப்புக்கும் புகைபோக்கிக்கும் இடம் வைக்கப்படவில்லை. கட்டிக்கொடுத்தவர்கள் அந்த வீட்டில் சமைக்கப்போகும் பெண்ணிடம் கேட்டிருந்தால் வரைபடம் வேறாக இருந்திருக்கும். பல குடும்பங்கள் புதுவீட்டின் பின்னால் தகரத்தாலும் கிடுகாலும் தனிக்குசினி இறக்கிக்கொண்டன.

2022ஆம் ஆண்டு எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. 2021 ஒக்டோபருக்கு முன்னர் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது மீனவரின் படகும் ஏழையின் அடுப்பும் ஒன்றாகவே அணைந்தன. மக்கள் பொச்சுமட்டை தேடினர். மண் அடுப்பு மீண்டும் விலைபோனது. அடுப்பு திரும்பி வந்தாலும், அதை எரிக்கும் கலை எல்லா வீட்டுக்கும் திரும்பவில்லை. மூத்தம்மா இருந்த வீட்டில் நெருப்பு சீராக எரிந்தது. அவர் இல்லாத வீட்டில் புகை மட்டும் எழுந்தது. ஒரு தலைமுறை எழுதிவைக்காத அறிவின் விலை இதுதான்.

இவ்வளவும் சொல்வதால் விறகடுப்பின் பெருமை பாடுவதாக எவரும் கருத வேண்டாம். உலகில் 2020ஆம் ஆண்டில் வீட்டுப் புகையால் 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நம் தாய்மாரின் சிவந்த கண்களும் ஓயாத இருமலும் அந்தக் கணக்கில் அடங்கும். இலங்கையிலோ 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதும் 75 வீதத்துக்கும் அதிகமான குடும்பங்கள் விறகையே பிரதானமாகப் பாவித்தன. ஆகவே புகைபோக்கியும் காற்றோட்டமும் உள்ள குசினியைக் கேட்பது ஆடம்பரமல்ல, உரிமை.

காக்கவேண்டியது புகையை அல்ல, கணக்கை. மூடி போடுதல், ஊறவைத்தல், கொதி வந்ததும் நெருப்பைத் தணித்தல், தேவையான அளவு தண்ணீரே சூடாக்கல், ஒரு நெருப்பில் பல வேலை முடித்தல் ஆகியவை எந்த அடுப்புக்கும் பொருந்தும்; எந்த அரசாங்கமும் இறக்குமதி செய்து தரத் தேவையில்லாதவை. கல்முனையிலோ கனடாவிலோ வாழும் நம் இளையோர், தம் உம்மாவிடமும் மூத்தம்மாவிடமும் அடுப்படிக் கணக்கை இன்றே கேட்டு எழுதிவைக்க வேண்டும். சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றனர்.