கோப்பையும் கூலியும்

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டமொன்றில் கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு, ஆண்டு விளையாட்டு விழாவின் பரிசுப் பட்டியலைத் தட்டச்சுச் செய்வதும் ஒரு வேலை. இவ்வாண்டு எழுவர் பந்தாட்டத்திற்குப் பரிசு ரொக்கமா, கோப்பையா என்ற வழக்கு எழுந்தது. "பணம் புகுந்தால் ஆட்டம் கெடும், கோப்பையே கௌரவம்" என்றார் குழுவில் ஒருவர். ஆங்கிலப் பள்ளியில் அதையே படித்து வளர்ந்தவராதலால் நாமும் தலையசைத்தோம். பின்னர் ஆபீஸ் அலமாரியில் பழைய பட்டியலொன்று அகப்பட்டது. உத்தியோகஸ்தர் ஓட்டத்திற்கு வெள்ளிக் கோப்பை. தொழிலாளர் ஓட்டத்திற்குப் போர்வை. திடல் ஒன்றே, தூரமும் ஒன்றே! இந்தக் கௌரவம் எங்கிருந்து வந்ததென்று தேடப் புகுந்தோம்.

அமெச்சூர் என்ற சொல்லுக்கு அன்பு கொண்டவன் என்பது வேர்ப்பொருள். நல்ல சொல்தான். அதற்கு இங்கிலாந்தார் வகுத்த இலக்கணமோ வேறு. 1879-ல் ஹென்லி படகுப் பந்தயத்தார் செய்த விதிப்படி, பணத்திற்காகப் படகு வலித்தவன் மாத்திரமல்ல, கைத்தொழிலாளியும் கூலியாளும்கூட அமெச்சூர் ஆகார். பந்தயத்தில் ஒரு காசும் வாங்காதவனாயினும் சரியே. அவன் செய்த குற்றம் உழைத்தது! 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்குக்குச் சென்ற ஆஸ்திரேலியப் படகோட்டிகள், போலீஸ்காரர்கள் என்ற காரணத்தால் ஹென்லியில் தடுக்கப்பட்டனர். அதனால் எழுந்த கண்டனத்திற்குப் பிறகே, 1937-ல், விதி மாற்றப்பட்டது.

கிரிக்கெட்டில் இது வருணாசிரமமாகவே வளர்ந்தது. 1806-ல் தொடங்கி 1962 வரையில் "கனவான்கள்" ஒரு கட்சியாகவும், சம்பளம் பெறும் "ஆட்டக்காரர்கள்" மறுகட்சியாகவும் மோதினர். இருவர்க்கும் உடைமாற்றும் அறை வேறு. மைதானத்திற்குள் வரும் வாயிலும் வேறு. கனவானுக்கு முதலெழுத்து பெயருக்கு முன்னும், ஆட்டக்காரனுக்குப் பெயருக்குப் பின்னும் அச்சிடுவர். லார்ட்ஸ் மைதானத்தில் ஒருமுறை டிட்மஸ் என்பவரின் முதலெழுத்துகள் இடம் மாறி அச்சாகிவிட்டதற்காக ஒலிபெருக்கியில் திருத்தம் அறிவித்தனர். கனவான் என்று பெயர் பெற்ற டாக்டர் கிரேஸோ, சம்பளக்காரர் பலரினும் அதிகப் பணம் ஆட்டத்தால் ஈட்டினார். கனவானுக்கு வந்தால் செலவுத் தொகை. ஏழைக்கு வந்தால் கூலி!

இந்தியாவுக்கு இந்த வழக்கம் வந்தபோது அங்கே அதற்கு மூத்த வழக்கமொன்று காத்திருந்தது. பூனாவில் பல்வங்கர் பாலு என்ற தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞர், மாதம் சில ரூபாய்க்கு வெள்ளையர் சங்கத்தின் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுத்தார். துரைமார் பழகுவதற்குப் பந்து வீசுவதும் அவர் வேலை. மட்டையைத் தொட வாய்ப்பில்லை. அவர் திறமையைக் கண்டு இந்துக்கள் தம் கட்சியில் சேர்த்துக்கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். தேநீர் வேளையிலோ அவருக்கு வெளியே, தனிக் குவளை. 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கட்சியில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர் அவர். அப்படியிருந்தும் இந்துக் கட்சியின் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை. 1923-ல் தம்பி விட்டலுக்கே அது வாய்த்தது. பந்துக்குத் தீட்டில்லை, கோப்பைக்கு மட்டும் தீட்டு என்பது என்ன சாஸ்திரமோ நாமறியோம்.

நம் நாட்டுக்கு வருவோம். மலாயாக் கிண்ணப் பந்தாட்டம் 1921-ல் தொடங்கியது. முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் இரண்டுக்கு ஒன்றாகச் சிலாங்கூரை வென்றது. ஆடுபவர் வேறு உத்தியோகத்தால் வயிறு வளர்க்கவேண்டிய காலம் அது. 1972-ல் மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை மூன்று கோலால் வென்ற நம் கட்சியும் அமெச்சூர்க் கட்சியே. 1989-ல்தான் அரைத் தொழில்முறையும், 1994-ல் முழுத் தொழில்முறையும் வந்தன. அதுவரையில் விடுமுறை தரும் ஆபீஸ் வேலை உடையவனுக்கு ஆட்டம் எளிது. விடியலில் பிரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, நாட்கூலி வாங்கிய ஈஜோக், புக்கிட் ரோத்தான் பையனுக்கு? ஒரு நாள் ஆடினால் ஒரு நாள் பெயர் போயிற்று.

பிரிவே கூடாதென்பதல்ல நம் வாதம். தட்டை வீசிச் சங்கிலிக் கூடையில் விழச்செய்யும் டிஸ்க் கோல்ஃப் என்ற புது ஆட்டத்திலும் இரு பிரிவுண்டு. அமெச்சூர் பிரிவில் வென்றவர்க்குப் பொருள், தொழில்முறைப் பிரிவில் வென்றவர்க்குப் பணம். ரொக்கத்தை ஏற்றவர் தொழில்முறைக்கு மாறிவிடுவார். அங்கே ஒருவன் செய்யும் தொழிலையோ பிறப்பையோ கேட்பாரில்லை.

குலை வெட்டும் இளைஞர் ஒருவரைக் கேட்டோம். "கோப்பையை வீட்டுல வைப்பேன் ஐயா. ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போனா ரெட்டைச் சம்பளமாச்சே, அதை யார் குடுப்பா?" என்றார். பட்டியலில் கோப்பையோடு ரொக்கத்தையும் சேர்த்தோம். உத்தியோகஸ்தருக்கென்று தனி ஓட்டம் வைக்கவில்லை. தாள் இப்போது மானேஜரின் மேசையில் கையெழுத்துக்குக் கிடக்கிறது.