செகெட் நகரின் ஆய்வுகூடம்

விஞ்ஞான வரலாற்றை நாம் பெரும்பாலும் தனிமனிதரின் வரலாறாகவே மாணவர்க்குப் போதித்து வருகின்றோம். ஒரு மேதை தோன்றினார். ஓர் உண்மையைக் கண்டார். பரிசு பெற்றார் என்பதோடு பாடம் முடிந்துவிடுகின்றது. அவருடன் உழைத்தவர் யார், அவர் வாழ்ந்த சமுதாயம் அவரை என்ன செய்தது, அதற்கு அவர் ஆற்றிய கடமை யாது என்னும் வினாக்கள் பாடப் புத்தகத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. ஹங்கேரிய விஞ்ஞானி அல்பேர்ட் சென்ற்-ஜோர்ஜியின் (1893–1986) வாழ்வை இவ்வினாக்களோடு நாம் அணுகுவோமாக.

செகெட் நகரின் மிளகாயிலிருந்து விற்றமின் சியைப் பெருமளவிற் பிரித்தெடுத்தவர் இவர். 1937இல் நோபெல் பரிசு பெற்ற பின்னர், தசை எவ்வாறு சுருங்குகிறது என்னும் பழைய புதிரை இவர் கையிலெடுத்தார். அதற்கு வழி திறந்தது சோவியத் நாட்டு ஆராய்ச்சியாகும். தசைப் புரதமாகிய மயோசின், உடலின் சக்திப் பொருளாகிய ஏ.ரீ.பீ.யைத் தானே சிதைக்கவல்லது என்று எங்கல்ஹார்ட், லியுபிமோவா ஆகிய இருவரும் 1939இல் காட்டியிருந்தனர்.

செகெட்டில் முயலின் தசையை அரைத்து உப்புக் கரைசலில் ஊறவைத்தனர். இருபது நிமிடத்தில் எடுத்த சாறு நீர்த்திருந்தது. இலோனா பங்கா என்னும் பெண் விஞ்ஞானி ஓரிரவு ஊறவிட்டு எடுத்த சாறோ குழம்பாயிருந்தது. ஏ.ரீ.பீ.யைச் சேர்த்ததும் அக்குழம்பும் இளகிற்று. இவ்வேறுபாட்டின் காரணத்தைத் தேடிய புரூனோ ஸ்ட்ராவுப், மயோசினுடன் இணைந்திருந்த மற்றொரு புரதத்தை 1942இல் பிரித்தெடுத்தார். அதுவே அக்ரின். இவ்விரு புரதங்களாலான மெல்லிய இழை ஏ.ரீ.பீ. பட்டதும் சுருங்கியது. உயிரின் அசைவு கண்ணாடிப் பாத்திரத்தில், உயிரற்ற பொருளில் நிகழ்ந்தது! தம் வாழ்வின் மிகக் கிளர்ச்சியூட்டிய கணம் அதுவே என்று சென்ற்-ஜோர்ஜி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

ஆயினும் உலகம் இதனை உடனே அறியவில்லை. ஹிட்லரின் அணியில் நின்ற நாட்டிலிருந்து ஆராய்ச்சி ஏடுகள் வெளியே செல்ல யுத்தம் இடந்தரவில்லை. யுத்தம் முடிந்த பின்னரே இம்முடிவுகள் பரவின. சென்ற்-ஜோர்ஜி ஆய்வுகூடத்தினுள் ஒதுங்கியிருக்கவுமில்லை. 1943இல் இஸ்தான்புல் சென்று, தம் நாட்டை யுத்தத்திலிருந்து விடுவிக்க நேச நாட்டாருடன் இரகசியமாகத் தொடர்புகொண்டார். செய்தி ஜெர்மானியருக்கு எட்டியது. 1944இல் அவர்கள் ஹங்கேரியைக் கைப்பற்றியபோது அவர் தலைமறைவாக வாழ நேர்ந்தது.

அவர் வளர்த்த பரம்பரை தசையோடு நின்றுவிடவில்லை. கல்மான் லாக்கி, இளைஞரான லாஸ்லோ லோரண்ட் ஆகியோர் குருதி உறைதலை ஆராய்ந்தனர். சுத்திகரித்த பைபிரினோஜனிலிருந்து உண்டாகும் உறைகட்டி யூரியாக் கரைசலிற் கரைந்துவிடுகின்றது. இயற்கையான உறைகட்டி கரைவதில்லை. எனவே அதனை உறுதிப்படுத்தும் மற்றொரு காரணி குருதியில் உண்டு என 1948இல் அவர்கள் அறிவித்தனர். அது இன்று பதின்மூன்றாம் காரணி எனப்படும். அது குறைந்தவர்களின் காயம் எளிதில் ஆறாது; குருதிப் பெருக்கு மீண்டும் மீண்டும் நிகழும். அத்தகைய முதல் நோயாளி பற்றிய செய்தி 1960இல் வெளியாயிற்று. கரைந்ததா, கரையவில்லையா என்று பார்த்த எளிய சோதனை மருத்துவத்துக்கு ஒரு வழி திறந்தது.

புதிய ஆட்சியின் போக்கில் நம்பிக்கை இழந்த சென்ற்-ஜோர்ஜி 1947இல் அமெரிக்கா சென்றார். ஸ்ட்ராவுப் தாய்நாட்டிலேயே தங்கி ஆராய்ச்சியை வளர்த்தார். ஒருவரைப் புகழ மற்றவரைப் பழிக்க வேண்டியதில்லை. அடைக்கலம் தந்த நாட்டின் பிழையையும் சென்ற்-ஜோர்ஜி மூடிமறைக்கவில்லை. வியட்நாம் யுத்தத்தை வெளிப்படையாக எதிர்த்தார்.

அக்ரின் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், அதனருகே பங்கா, ஸ்ட்ராவுப் என்ற பெயர்களையும், 1942 என்ற ஆண்டையும் எழுதுவாராக. அவ்வாண்டில் உலகம் எந்நிலையில் இருந்தது என்று மாணவர் கேட்பர். அக்கேள்விக்கு விடை சொல்வதும் விஞ்ஞானப் பாடமே என்பது எமது துணிபு.