இலங்கையில் பிறந்த ‘இந்திய நட்சத்திரம்’

நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு கல் இருக்கிறது. 563.35 காரட், நம் கணக்கில் பதினான்கு பவுன் எடை. வெளிச்சம் படும்போது அதன் முதுகில் ஆறு கதிர்களோடு ஒரு நட்சத்திரம் எழும். கல்லைத் திருப்பினால் அடிப்புறத்திலும் ஒரு நட்சத்திரம். ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் கல் பிறந்தது இலங்கையில். உள்ளே இருப்பது ஒன்று, மனிதர்கள் மேலே ஏற்றிவைப்பது வேறொன்று என்பதற்கு இந்தக் கல்லின் பெயரே முதல் சாட்சி.

உள்ளே இருப்பது அலுமினியமும் ஆக்சிஜனும். இரண்டும் சேர்ந்து பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் படிகமானால் அதற்குக் குருந்தம் என்று பெயர். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படியில் இருக்கும் கனிமம் அது. துளி குரோமியம் கலந்தால் சிவந்து மாணிக்கம்; இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். நவரத்தினத்தில் ஒன்று சூரியனுக்கு, மற்றொன்று சனிக்கு என்று பிரித்துக் கொடுத்திருக்கிறோம். பூமிக்குச் சூரியன்–சனி பகை தெரியாது. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

இலங்கையின் மத்திய மலைப் பாறைகள் காலப்போக்கில் மழையிலும் வெயிலிலும் கரைந்தன. கரையாத குருந்தக் கற்களை ஆறுகள் உருட்டிவந்து, பள்ளத்தாக்குகளில் சரளையோடு சேர்த்துப் புதைத்தன. இரத்தினபுரிப் பக்கம் இன்றும் அந்தச் சரளைப் படுகையைத் தேடித்தான் குழி தோண்டுகிறார்கள். குழியின் சுவர் சரியாமல் மரச்சட்டம் கொடுத்து, ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இறங்குவார்கள். மேலே வந்த சரளையைக் கூடையில் இட்டு நீரில் சுழற்றினால் மண்ணும் மணலும் போய், கனமான கல் அடியில் தங்கும். ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’வும் இலங்கையின் இப்படிப்பட்ட சரளை மண் கொடுத்த கல்தான்.

நட்சத்திரத்துக்குக் காரணம் ஒரு குறை. கல்லுக்குள் ரூட்டைல் என்ற டைட்டானியக் கனிமம் கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக மூன்று திசைகளில் வரிசைகட்டி நிற்கிறது. ஒளி அவற்றில் பட்டுத் திரும்பும்போது மூன்று கோடுகள் குறுக்கே வெட்டி ஆறு கதிராகின்றன. வைரத்துக்குப் போடுவதுபோல் பட்டை போட்டால் இது தெரியாது. மேற்புறத்தைக் குமிழாக இழைத்தால்தான் எழும். இதே ஊசிகள் பால்போல் கலங்கலாகத் தெரியும் கற்களை இலங்கையில் ‘கெவுடா’ என்பார்கள். ஒரு காலத்தில் விலைபோகாத கல் அது. 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை மலிவாக வாங்கிப் போய், 1,600 பாகை அளவுக்குச் சூடேற்றினார்கள். ஊசிகள் கரைந்து, உள்ளிருந்த டைட்டானியம் இரும்போடு சேர்ந்து கல் நல்ல நீலமானது. ஒரு கல்லில் நட்சத்திரம் தருவது இன்னொரு கல்லில் அழுக்கு.

நம் கல்லுக்குச் சூளை வாய்க்கவில்லை, கோடீஸ்வரர் வாய்த்தார். வங்கியாளர் ஜே.பி. மார்கனுக்காக டிஃபனி நிறுவனத்தின் ரத்தின நிபுணர் ஜார்ஜ் கூன்ஸ் திரட்டிய தொகுப்பில் அது இடம்பெற்றது. 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்குப் போய்விட்டு, மார்கனின் கொடையாக நியூயார்க் வந்துசேர்ந்தது. கூன்ஸ் கற்களை அளந்ததோடு நிற்காமல் அவற்றைச் சுற்றிய நம்பிக்கைகளையும் திரட்டி 1913-ல் புத்தகமாக்கினார். நட்சத்திர நீலத்தின் மூன்று கோடுகளும் விசுவாசம், நம்பிக்கை, விதி என்பது அவர் பதிவுசெய்த நம்பிக்கைகளில் ஒன்று.

அதற்கு முந்தைய ஆண்டுதான், 1912-ல், அமெரிக்காவின் தேசிய நகை வியாபாரிகள் சங்கம் கான்சாஸ் நகரில் கூடி மாதத்துக்கு இன்ன கல் என்று பட்டியல் வகுத்தது. செப்டம்பருக்கு நீலம் வந்தது. பிறந்த மாதக் கல் என்று இன்று கடைகளில் விற்பது பெரும்பாலும் இந்தப் பட்டியலின் வழிவந்ததுதான். 1967-ல் தான்சானியாவில் கண்டெடுக்கப்பட்ட தான்சனைட்கூட 2002-ல் டிசம்பர் கல்லாகச் சேர்க்கப்பட்டது. மேலைநாட்டு மரபில் நீலம் கற்புக்கும் உண்மைக்கும் அடையாளம். செப்டம்பரில் பிறந்தவர் யோசிக்காமல் அணியலாம். அவரே சிம்ம ராசிக்காரராக இருந்துவிட்டால், நம்மூர் ஜோதிடர் சூரியனுக்கும் சனிக்கும் ஆகாது என்று தடுத்துவிடுவார். ஆகும் என்று சொன்னாலும், சில நாள் தலையணைக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மோதிரம் ஏறும். ஒரே ஆள், ஒரே கல், இரண்டு தீர்ப்பு.

நம் கல்லுக்குக் காவல் சக்தி உண்டா என்பதற்கும் ஒரு சோதனை வந்தது. 1964 அக்டோபர் 29 இரவு, மயாமியிலிருந்து வந்திருந்த ஜாக் மர்ஃபி என்ற அலைச்சறுக்கு வீரரும் அவர் கூட்டாளிகளும் ஜன்னல் வழியே அருங்காட்சியகத்துக்குள் இறங்கினார்கள். எச்சரிக்கை மணியின் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. நட்சத்திர நீலத்தோடு, 100 காரட்டுக்கு மேற்பட்ட பர்மா நட்சத்திர மாணிக்கமும் ‘ஈகிள்’ வைரமும் போயின. எதற்கும் காப்பீடு இல்லை. ஓரிரு நாளில் ஆட்கள் பிடிபட்டார்கள். 1965 ஜனவரியில் மயாமி பேருந்து நிலையத்தின் பொருள்வைப்புப் பெட்டி ஒன்றிலிருந்து நீலம் மீண்டது. மாணிக்கத்தை 25,000 டாலர் பணயத்தொகை கொடுத்து மீட்டார்கள். வைரம் இன்றுவரை கிடைக்கவில்லை.

போன கற்களில் சில திரும்பின, சில திரும்பவில்லை. கிரகம் பார்த்து நடந்ததாக இதில் எதுவும் இல்லை. பேட்டரி வேலை செய்திருந்தால் எல்லாமே இருந்திருக்கக்கூடும்.

ராசிக்கல் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அழகுக்காக வாங்குங்கள், பாட்டி நினைவாக வாங்குங்கள், நம்பிக்கைக்காகவும் வாங்குங்கள். ஆனால் பயந்து கடன்பட்டு வாங்காதீர்கள். இயற்கைக் கல்லா, ஆலையில் விளைந்ததா, சூடேற்றியதா என்பதைச் சொல்லும் ஆய்வகச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அது கல்லைப் பற்றி எல்லாம் சொல்லும். சனி என்ன செய்வார் என்று எந்த ஆய்வகமும் எழுதித் தருவதில்லை.