பிடாடரி: ஒரு பெயர், மூன்று குடித்தனம்

சிங்கப்பூரில் பிடாடரி என்றால் வயதானவர்களுக்கு இடுகாடு நினைவுக்கு வரும். புதிதாக வீடு வாங்கியவர்களுக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்பு நினைவுக்கு வரும். அகராதிப்படி இரண்டுமே தப்பு. மலாய் மொழியில் பிடாடரி என்பவள் தேவமகள், விண்ணுலகப் பெண்.

சொல்லின் வேர் சமஸ்கிருத வித்யாதரி. மந்திர வித்தை கைவரப்பெற்று வானில் பறந்து திரியும் ஓர் இனம் வித்யாதரர். அவர்களில் பெண் வித்யாதரி. பழைய ஜாவா மொழிக் காவியங்களில் அவள் ஏறக்குறைய அதே உருவில் வருகிறாள். மலாய்க்கு வந்தபோது வகரம், 'கம்பு' என்பதில் மெல்ல ஒலிக்கிறதே, அந்தப் பகரமாயிற்று. இது தனிப்பட்ட விபத்தல்ல. விஷம் மலாயில் பீசா ஆனதும், விசாரம் பிச்சாரா ஆகிப் பேச்சைக் குறித்ததும், வம்சம் பங்சா ஆனதும் இதே வழியில்தான். நடுவில் இருந்த யகரம் தேய்ந்து போக, வித்யாதரி பிடாடரி ஆனாள்.

பொருளும் கொஞ்சம் இடம் மாறியது. ஜாவாவில் ஜாக்கா தாருப் என்றொரு கதை. குளத்தில் நீராட வந்த விண்மகளிரில் ஒருத்தியின் சால்வையை ஒருவன் ஒளித்துவைக்கிறான். பறக்க முடியாமல் நின்றவள் அவனுக்கே மனைவியாகிறாள். பல காலம் கழித்து நெற்குதிரின் அடியில் சால்வை அகப்பட, எடுத்துப் போர்த்திக்கொண்டு போய்விடுகிறாள். மந்திரக்காரி என்ற பழைய பொருள் மங்கி, வானத்து அழகி என்பதே நிலைத்தது. இஸ்லாம் வந்த பின்னும் மலாய்க்காரர்கள் சொல்லைக் கைவிடவில்லை. தமிழ் முஸ்லிம்கள் ஹூருல் ஈன் என்று அரபியிலேயே சொல்லும் சொர்க்கத்துக் கன்னியரை அவர்கள் பிடாடரி என்றார்கள். இந்தக் கடைசிப் பொருள் பின்னால் நமக்கு உதவும்.

தமிழுக்கு அதே சொல் வந்த வழி வேறு. பிராகிருதத்தின் விஜ்ஜா வழியாக விச்சை, விஞ்சை என்று நுழைந்து, விச்சாதரர், விஞ்சையர் என்ற உருவங்களைத் தந்தது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் இந்திர விழாவைப் பார்க்கப் புகாருக்கு மனைவியோடு வருபவன் ஒரு விஞ்சை வீரன். சீவக சிந்தாமணியில் சீவகன் யாழ்ப்போட்டியில் வென்று மணக்கும் காந்தருவதத்தை விஞ்சையர் குலப் பெண். ஆனால் நம்மிடம் இது ஏட்டோடு நின்றுவிட்டது. விஞ்சைமகள் என்று இன்று எந்தத் தமிழனும் தன் பெண்ணைக் கொஞ்சுவதில்லை. மலாய்க்காரர் பிடாடரி என்று சாதாரணமாகக் கொஞ்சுவார்.

இங்கே ஒரு சின்ன விலகல். தமிழ்க் காதுக்குப் பிடாடரி என்றதும் பிடாரி நினைவுக்கு வருவாள். உறவில்லை. பிடாரி, படாரி என்பதன் திரிபு. பட்டாரகர் என்ற மரியாதைச் சொல்லின் பெண்பால். அதுவும் கடல் தாண்டிப் போய் ஜாவாவில் பத்தாரா, பத்தாரி என்று கடவுளர் பட்டமானது வேறு கதை. என்றாலும் இடுகாட்டைப் பற்றிப் பேசும்போது பிடாரி குறுக்கே வருவதில் ஒரு பொருத்தம் உண்டு. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்தோறும் வரி நீக்கிய நிலங்களை அடுக்கும்போது, ஊர்நத்தம், குளம், வாய்க்காலோடு பிடாரி கோயிலையும் சுடுகாட்டையும் சேர்த்தே சொல்லும். செத்தவர்களிடம் வரி கேட்கக்கூடாது என்பது அன்றைய நிலக்கணக்கு.

சிங்கப்பூர் நிலத்துக்குப் பிடாடரி என்ற பெயர் ஓர் அரண்மனையால் வந்தது. ஜொகூரை ஆண்ட அபூபக்கரின் மனைவிகளில் ஒருவர் சுபைதா. பிறப்பில் செசிலியா லாங்கே. தந்தை பாலித் தீவின் கூட்டாவில் வணிகம் செய்த டென்மார்க்காரர், தாய் சீனப் பெண். பின்னாளில் சுல்தானான இப்ராஹிம் இவர் வயிற்றுப் பிள்ளை. அப்பர் சிராங்கூன் சாலை ஓரத்து மேட்டு நிலத்தில் இவர் வாழ்ந்த மாளிகைதான் இஸ்தானா பிடாடரி. அரசன் தன் மனைவி வீட்டுக்குத் தேவமகள் என்று பெயர் வைப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆச்சரியம் அடுத்த குடித்தனத்தில். ஃபோர்ட் கானிங் குன்றின் கிறிஸ்தவக் கல்லறை 1865இல் நிரம்பி மூடப்பட, புக்கிட் தீமா சாலையில் ஒன்று திறந்தார்கள். நாற்பது ஆண்டில் அதுவும் நிரம்பிற்று. நகராட்சி இந்த மாளிகை நிலத்தை வாங்கி, 1908 தொடக்கத்தில் கிறிஸ்தவர்களுக்குத் திறந்தது, 1910இல் முஸ்லிம்களுக்கு. இந்துக்களுக்கும் சிங்களவர்களுக்கும் சிறு பகுதிகள் பிறகு வந்தன. சிங்க முத்திரை பொறித்த நகராட்சி வாயில் தூண்கள் எழுந்தன. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. சொர்க்கத்துக் கன்னியர் பெயரில் அடக்கத்தலம் என்று யாராவது யோசித்துச் செய்திருந்தால் கவிஞர் வேலை என்பேன்; இதுவோ பத்திரத்தில் இருந்த பெயரைக் குமாஸ்தா அப்படியே எழுதிய வேலை.

அங்கே அடங்கியவர்களைப் பார்த்தால் ஊரின் வரலாறு பாதி வந்துவிடும். ராஃபிள்ஸ் ஹோட்டலின் முதன்மைக் கட்டடத்தை வரைந்த பிட்வெல், அமைச்சர் அகமது இப்ராஹிம், மருத்துவர் லிம் பூன் கெங். ஒருவரிடம் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும்: அகஸ்டின் பாட்மோர் வில்லியம்ஸ். 1880இல் ஏறக்குறைய ஆயிரம் ஹஜ் பயணிகளோடு சென்ற ஜெத்தா என்ற கப்பலின் தலைமை அதிகாரி இவர். கப்பல் மூழ்கிவிடும் என்று பயந்து கேப்டனும் அதிகாரிகளும் பயணிகளை விட்டுவிட்டுப் படகேறித் தப்பினார்கள். கப்பலோ மூழ்கவில்லை, இன்னொரு கப்பல் அதை ஏடனுக்கு இழுத்து வந்தது. அவமானத்தைச் சுமந்தபடி வில்லியம்ஸ் சிங்கப்பூரிலேயே வாழ்ந்து 1916இல் இறந்தார். ஜோசப் கான்ராடின் 'லார்டு ஜிம்' நாவலுக்கு முன்மாதிரி இவர்தான். ஹஜ் பயணிகளைக் கைவிட்டவரும் ஹாஜிகளும் ஒரே பெயர்ப்பலகைக்குள் அடங்கினார்கள்.

1972இல் பிடாடரி நிரம்பி மூடப்பட்டது. அதற்குள் சொல்லின் பொருள் மாறியிருந்தது. சிங்கப்பூர் வழக்கில் பிடாடரி என்றாலே கல்லறைதான். 1998இல் அரசு புதிய விதி வகுத்தது: சுவா சூ காங் இடுகாட்டில் புதைத்தாலும் பதினைந்து ஆண்டுதான், பிறகு தோண்டி எடுக்கப்படும். பழைய இடுகாடுகளுக்கு இரக்கம் காட்டும் மனநிலை அது இல்லை. 2001 முதல் 2006 வரை பிடாடரியில் சுமார் 58,000 கிறிஸ்தவக் கல்லறைகளும் 68,000 முஸ்லிம் கபர்களும் தோண்டப்பட்டன. கிறிஸ்தவர்களின் எச்சங்கள் எரியூட்டப்பட்டு அஸ்தி மாடங்களுக்குப் போயின. முஸ்லிம்களுடையவை சுவா சூ காங்கில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. வாயில் தூண்களையும் சில நடுகற்களையும் மட்டும் எடுத்து ஒரு நினைவுத் தோட்டத்தில் வைத்தார்கள்.

இதற்கு நடுவே அடியில் ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. வடகிழக்கு எம்ஆர்டி பாதை 2003இல் திறந்தபோது இங்கே உட்லீ நிலையம் தயாராகவே இருந்தது; ஏறி இறங்க ஆளில்லாததால் எட்டு ஆண்டுகள் ரயில்கள் நிற்காமல் போயின, 2011இல்தான் கதவு திறந்தது. லிட்டில் இந்தியாவில் ஏறினால் வழியில் பூன் கெங் என்றொரு நிலையம் வரும். பிடாடரியில் அடங்கிய அதே லிம் பூன் கெங்கின் பெயர். மேலேயோ ஆளற்ற மேட்டு நிலத்தில் மழைமரங்கள் வளர்ந்து, வலசைப் பறவைகள் இறங்கின. நம் ஊர் ஆறுமணிக்குருவியின் உறவான நீலச்சிறகுக் குருவியைப் பார்க்கக் கேமராவோடு கூட்டம் வந்தது. இயற்கைச் சங்கம் காப்பாற்றக் கேட்டது. ஒரு பகுதி பூங்காவாக மிஞ்சியது. மீதியில் ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகள் என்பது திட்டம்.

மூன்றாம் குடித்தனத்தில் பெயர் என்ன ஆயிற்று? பேட்டைக்குப் பிடாடரி என்பது நின்றது. பூங்காவுக்கும், பிடாடரி பார்க் டிரைவ் என்ற சாலைக்கும் நின்றது. வீட்டுத் தொகுதிகளின் பெயர்களைப் பாருங்கள்: அல்காஃப் விஸ்டா, அல்காஃப் கோர்ட்வியூ, உட்லீ கிளென், உட்லீ வில்லேஜ். அல்காஃப் குடும்பம் 1930இல் பக்கத்தில் ஏரித் தோட்டம் வைத்திருந்தது உண்மை; பூங்காவில் மழைநீர் தாங்கப் புதிதாகத் தோண்டிய குளத்துக்கும் அந்தப் பெயர்தான். ஆனாலும் வீட்டுக்காரர் முகவரியில் பிடாடரி அரிதாகத்தான் வருகிறது. மங்கலம் பார்த்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிடாடரிக்கு இந்த அளவாவது கிடைத்தது, அந்தச் சொல் அகராதியில் கல்லறை என்று சொல்லாததால். பெக் சான் தெங் என்ற சீன இடுகாடு, அந்தப் பெயரின் மாண்டரின் உச்சரிப்பால் பீஷான் என்ற நகரமாயிற்று. கேட்பவருக்கு 'பச்சை மலை' மட்டுமே தெரியும். ஆர்ச்சர்ட் ரோட்டின் தாய் சான் திங் இடுகாடு பெயரையும் இழந்தது. அங்கே 1993 முதல் நீ ஆன் சிட்டி கடைத்தொகுதி நிற்கிறது. இதற்கு நேர்மாறாக ஜாலான் குபோர் இருக்கிறது. அரபியின் குபூர்தான் மலாய் குபோர். நம் முஸ்லிம்களின் கபர், கபுருஸ்தான் எல்லாம் ஒரே வேர். கம்போங் கிளாமை ஒட்டி, மலபார் மசூதிக்குப் பக்கத்தில், கல்லறைச் சாலை என்று பச்சையாகச் சொல்லும் பெயர்ப்பலகையோடு அந்தத் தெருவும், அதை ஒட்டிய பழைய முஸ்லிம் அடக்கத்தலமும் இன்னும் அப்படியே இருக்கின்றன.